தீயணைப்புக் குழுவுக்கு ஆள் எடுத்த கதை

செனாவாங்கில் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலையின் ஆள்பலப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். யாருக்கு எந்த ஷிப்டு, யாருக்கு லீவு, யார் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு வரிசைக்கு மாற்றிவிடச் சொல்லி அழுகிறார்கள் என்பதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பிறகு அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபோனது. இயந்திரங்களைத் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். எங்களை விட்டுவிட்டுப் போனார்கள்.

என் கணவர் கோலா பிலா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆலையில் ஃபோர்மேன். அதுவரை வார இறுதியில் மட்டும் அங்கே போய் வந்துகொண்டிருந்த நான், பெட்டி படுக்கையோடு போய்ச் சேர்ந்தேன். இனி எந்த மனிதருடைய லீவைப் பற்றியும் கவலைப்படுவதில்லை, கோழி வளர்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். கோழிகள் வந்த வாரமே தோட்ட நிர்வாகி கூப்பிட்டனுப்பினார்.

அதற்கு முன்னால் நடந்ததை என் கணவர் சொல்லியிருந்தார். காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒருவர் தோட்டத்தைச் சோதிக்க வந்திருக்கிறார். ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்புக் குப்பியை நிர்வாகி பெருமையாகக் காட்டியிருக்கிறார். வந்தவர் அதைத் தொட்டதும், உள்ளே குடியிருந்த குளவிகள் வெளியே வந்து அவரை விசாரித்திருக்கின்றன. வீங்கிய கையை உதறிக்கொண்டே அவர் கேட்டாராம், "தீப்பிடிச்சா இங்க யாரு அணைப்பாங்க?" நிர்வாகி, "எல்லாரும்தான்," என்றாராம். "எல்லாரும்னா யாரு?" என்று திருப்பிக் கேட்டாராம் வந்தவர். எங்கள் தோட்டத்துத் தீயணைப்புக் குழு அங்கேதான் பிறந்தது.

நிர்வாகி கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து வந்த இளைஞர். தமிழர்தான். நல்ல மனிதர், ஆனால் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தால்தான் ஒரு விஷயம் உண்மையாகவே நடக்கிறது என்று நம்புகிறவர்.

"அக்கா, நீங்க எச்.ஆர்.ல இருந்தீங்களாமே?"

"அது ஃபேக்டரி சார்."

"ஃபேக்டரியா இருந்தா என்ன, பொம்பாவா இருந்தா என்ன? ஆளு ஆளுதானே லா."

பொம்பா என்றால் எங்கள் நாட்டில் தீயணைப்புப் படை. டவுனில் இருக்கிற உண்மையான பொம்பா எங்கள் தோட்டத்துக்கு வந்துசேர நேரமாகும் என்பதால், அதுவரை சமாளிக்க நாங்களே ஒரு சின்னப் பொம்பா வைத்துக்கொள்வது என்று திட்டம். அதற்கு ஆள் எடுப்பது, வேலை பிரிப்பது, லீவு பார்ப்பது, ஒவ்வொருவருடைய நடத்தையையும் மதிப்பிட்டு அறிக்கை தருவது என் பொறுப்பு. பதவியின் பெயர் ஆள்பல மேற்பார்வையாளர். அந்த நிமிஷத்தில் மேற்பார்வை பார்க்க ஓர் ஆள்கூட இல்லை. அந்த ஒரு காலத்தில்தான் வேலை சுமுகமாக நடந்தது.

எங்கள் தோட்டத்தில் இன்னமும் காலையில் பெரட்டு உண்டு. எல்லோரும் களத்தில் கூடுவார்கள், மண்டோர் ஆளுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்புவார். முன்வரிசையில் தமிழர்கள்: ஆலை, ஆபீஸ், ஸ்டோர், டிராக்டர், ஆயாக் கொட்டகை என்று மிச்சமிருந்த சில குடும்பங்கள். பின்னால் பெருங்கூட்டமாக லொம்போக் தீவிலிருந்து செம்பனைக் குலை வெட்ட வந்த இந்தோனேசியத் தொழிலாளர்கள். மறுநாள் நான் அங்கே நின்று தமிழிலும் மலாயிலும் கேட்டேன், "தீயணைப்புக் குழுவுல சேர விருப்பம் உள்ளவங்க கை தூக்குங்க."

முன்வரிசை தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தது. பின்வரிசை முழுவதும் கை தூக்கியது.

நிர்வாகி என் காதருகே வந்தார். "அவங்க வேணாம் அக்கா. பெர்மிட்டுல குலை வெட்டன்னுதான் போட்டிருக்கு. நெருப்பணைக்கன்னு போடல."

கையை இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். தங்கப் பல் கட்டிய ஒருவர் மட்டும் கையை இறக்காமல், மலாயில் அக்கா என்பதற்குக் காக் என்று கூப்பிட்டுக் கேட்டார். "காக், அப்போ நெருப்பு வந்தா நாங்க எங்க நிக்கணும்?"

நிர்வாகியிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, "பாதுகாப்பான எடத்துல," என்றார். தங்கப் பல்காரர் தலையாட்டினார். பாதுகாப்பான இடம் எது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆள் கிடைக்கவில்லையே என்று நான் நின்றபோது நிர்வாகி மறுபடி காதில் ஓதினார். "தலைவர் தேவைன்னு கேளுங்க அக்கா."

கேட்டேன். முன்வரிசையில் கைகள் முளைத்தன. கோயில் கமிட்டித் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. தோற்றவர்கள் எல்லோரும் பதவியில்லாமல் சும்மா இருந்தார்கள் என்பதை வெளியூரிலிருந்து வந்த நிர்வாகி கவனித்திருந்தார், நான் கவனிக்கவில்லை. யார் மனதும் நோகக் கூடாது என்று அவர் அன்றைக்கே கட்டம் போட்டார். தலைவர், துணைத் தலைவர், உதவித் தலைவர், செயலாளர், நீர்ப் பிரிவுத் தலைவர், ஒழுங்குப் பிரிவுத் தலைவர், ஏணிப் பிரிவுத் தலைவர். எங்களிடம் ஏணி இல்லை. ஏணி வரும்போது தலைவர் தயாராக இருக்க வேண்டும் என்றார் நிர்வாகி.

எல்லாக் கட்டங்களுக்கும் கீழே ஒரு கட்டம். அதில் சாதாரண உறுப்பினர் என்று டிராக்டர் ஓட்டுநர் பெயர். தண்ணீர்த் தொட்டியை இழுத்து வரும் டிராக்டர் அவருடையதுதான். இஞ்சின் சத்தத்தில் நான் பேசியது எதுவுமே கேட்கவில்லை, கையைத் தூக்கியது கொசு விரட்ட என்று அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

தலைவரானவர் தராசுக் கிராணி. குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போடுகிற மேடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஸ்டோர் கிராணி துணைத் தலைவர். இருவரும் கோயில் தலைவர் பதவிக்கு நின்று, ஒருவர் வாக்கை ஒருவர் பிரித்து, மூன்றாமவரை ஜெயிக்க வைத்தவர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. துணைத் தலைவர் தலைவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். தலைவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் திரும்பி ஒருமுறை சொன்ன பிறகுதான் பதில் சொல்வார்.

சீருடை வந்தது. பதவிக்கு ஏற்றபடி தோளில் பட்டை, தொப்பியில் கோடு. டிராக்டர் ஓட்டுநருக்குக் கோடு இல்லாத தொப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. வரிசையில் நிற்பார்கள், சல்யூட் அடிப்பார்கள், தலைவர் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டால் நெருப்பே வெட்கப்பட்டு அணைந்துவிடும் போல இருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் பூட்டியிருந்த பம்பை இயக்க அதன் கயிற்றை யார் இழுப்பது என்பது முடிவாகவில்லை. நீர்ப் பிரிவுத் தலைவர் தன் கையால் இழுப்பது பதவிக்கு அழகில்லை என்றார். ஒழுங்குப் பிரிவுத் தலைவர், உத்தரவு எழுத்தில் வரட்டும் என்றார். கடைசியில் டிராக்டர் ஓட்டுநர் இறங்கி வந்து கயிற்றை இழுப்பார், தண்ணீர் பீறிடும், எல்லோரும் கை தட்டுவார்கள், மறுபடியும் சல்யூட்.

மாதம் ஒருமுறை மதிப்பீடு. தொழிற்சாலையில் மேலே இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரை மதிப்பிடுவார். அதே முறையைத்தான் இங்கேயும் வைத்தேன். ஏழு தலைவர்களுக்கும் கீழே இருந்தது ஒரே ஆள் என்பதால் ஏழு பேரும் டிராக்டர் ஓட்டுநரையே மதிப்பிட்டார்கள். ஒருவர், தொப்பியை நேராக அணிவதில்லை என்று எழுதினார். இன்னொருவர், தொப்பியை மிக நேராக அணிகிறார், அதில் ஆணவம் தெரிகிறது என்று எழுதினார்.

"அக்கா, நான் ஒருத்தன் வேல செய்யறேன், ஏழு பேரு பாக்கறாங்க," என்றார் அவர். "பாக்கறவங்கள்ல ஒருத்தரு வந்து ஹோஸப் புடிச்சா நல்லாருக்கும் லா."

இதை நிர்வாகியிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மேற்பார்வைல ஏதோ கொறை இருக்கு அக்கா," என்றார். ஆகவே மேற்பார்வையாளரான என்னை மேற்பார்வை பார்க்க ஒரு மேற்பார்வைக் கமிட்டி அமைத்தார். கோயில் தலைவர், மண்டோர், நிர்வாகி. கமிட்டிக்கும் தொப்பி கேட்டார்கள்.

நான் செய்ய நினைத்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று: உடல் பரிசோதனை. நெருப்புப் பக்கம் போகிறவர்களுக்கு நெஞ்சும் கண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று டவுன் கிளினிக்குக்கு வேன் ஏற்பாடு செய்தேன். தலைவர் முதல் முறை லாரிகள் அதிகம் என்றார். அடுத்த முறை உறவுக்காரர் கல்யாணம். அதற்கடுத்த முறை, "நான் படையோட கடைசியில போறேம்மா. தலைவன் மொதல்ல ஏறக்கூடாது," என்றார். தலைவர் ஏறவில்லை என்று துணைத் தலைவர் ஏறவில்லை. அவர் ஏறாததால் மற்றவர்களும் ஏறவில்லை. டிராக்டர் ஓட்டுநர் தனியாகப் போய், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு வெயில் காலம் வந்தது. வாரக்கணக்கில் மழை இல்லை. தோட்டத்து எல்லையில், கைவிடப்பட்ட பழைய ரப்பர்த் தோட்டத்துக்கும் நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் இடையே லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நின்றது. அந்த ஓரத்தில்தான் ஆயாக் கொட்டகை. பெற்றோர் வேலைக்குப் போனால் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஓர் ஆயாம்மா பார்த்துக்கொள்வார்.

அந்தச் சமயம் பார்த்து டிராக்டர் ஓட்டுநர் லீவு கேட்டார். மகளுக்கு வடக்கே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கொண்டுபோய் விட்டு வர வேண்டும். நியாயமான லீவு. ஆனால் அவர் போய்விட்டால் தண்ணீர்த் தொட்டியை இழுத்து வர ஆளில்லை என்று நான் கமிட்டியில் சொன்னேன்.

"துணைத் தலைவர்கிட்ட லைசன்ஸ் இருக்கே," என்றார் மண்டோர்.

"அது மோட்டார் சைக்கிள் லைசன்ஸுண்ணே."

"ரெண்டு சக்கரத்த ஓட்டறவருக்கு நாலு சக்கரம் இன்னும் ஈஸி லா. விழாது பாருங்க."

கோயில் தலைவர் ஆமோதித்தார். நிர்வாகி, துணைத் தலைவர் கட்டத்திலிருந்து டிராக்டர் கட்டத்துக்குப் புள்ளி வைத்த ஒரு கோடு போட்டார். புள்ளிக் கோடு என்றால் தற்காலிகம் என்று எனக்கு விளக்கினார். டிராக்டர் ஓட்டுநர் மகளோடு பஸ் ஏறினார்.

நெருப்பு ஒரு மத்தியானம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ குப்பை கொளுத்தியிருக்க வேண்டும். நான் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வாசனை, அப்புறம் பட்பட்டென்று சத்தம், அப்புறம்தான் புகை. லாலாங் எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடந்து வராது, ஓடி வரும். சைரன் அலறியது.

நான் ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன். ஆயாம்மா இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாக வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே இன்னும் குழந்தைகள். நான் இரண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, குலை வெட்டிக்கொண்டிருந்த லொம்போக் ஆட்கள் மரங்களுக்கு நடுவிலிருந்து ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பிள்ளையாக அள்ளிக்கொண்டு ஆபீஸ் பக்கம் ஓடினார்கள். ஒரு பிள்ளை ஒருவருடைய தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனது. பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர்கள் நிற்கவில்லை. திரும்பி நெருப்பை நோக்கியே ஓடினார்கள்.

அப்போது பெரட்டுக் களத்தைப் பார்த்தேன். எங்கள் குழு அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் முறையான சீருடையில் இருந்தார்கள். சீருடை இல்லாமல் கடமையில் இறங்கக் கூடாது என்று விதி இருந்ததால் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அரக்கப் பரக்கப் போட்டதில் உதவித் தலைவருடைய பொத்தான் ஒரு துளை தள்ளிப் பூட்டியிருந்தது.

"என்னண்ணே நிக்கறீங்க?" என்று கத்தினேன்.

"தலைவர் இன்னும் வரல," என்றார் துணைத் தலைவர்.

"நீங்க சொல்லுங்களேன்!"

"நான் சொல்லிருவேம்மா. நாளைக்கு அவரு, நான் இல்லாத நேரம் பாத்துப் பதவியப் புடுங்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. எனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"டிராக்டரு?"

அவர் டிராக்டரைப் பார்த்தார். அதன் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தார் என்பது கால்சட்டையில் இருந்த கிரீஸிலிருந்து தெரிந்தது. "கியரு எங்க இருக்குன்னு புரியல," என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

அந்த நேரத்தில் தங்கப் பல்காரர் மூச்சிரைக்க வந்து என் முன்னால் நின்றார். முகமெல்லாம் கரி. "காக், நான் டிராக்டர ஓட்டலாமா?" என்றார் மலாயில். செம்பனைக் காட்டுக்குள் அவர்கள் அந்த டிராக்டரைத் தினமும் நகர்த்தி வைப்பவர்கள்தான். அது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதி வைக்காத விஷயம். எனக்கு அதிகாரம் உண்டா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

"ஜாலான்!" என்றேன், போகச் சொல்லி. "ஜாலான் லா!"

தண்ணீர்த் தொட்டி ஆடிக்கொண்டே நெருப்பை நோக்கிப் போனது. நான் தலைவரைத் தேடிப் போனேன்.

தராசு அறைக்குப் பின்னால், காற்று மாறி அடிக்கிற பக்கமாக, ஒரு பெயிண்டு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் தொப்பி. வாயில் இன்ஹேலர். அந்தப் பெரிய குரலுக்குப் பதிலாக ஒரு சின்ன விசில் சத்தம் நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு வந்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இளைப்பும்மா," என்றார். "சின்னப் புள்ளைலேருந்து. புகை பட்டா மூச்சு நின்னுரும்."

"அப்புறம் ஏண்ணே தலைவர்னு கை தூக்குனீங்க?"

"தலைவர்னா பேசறது மட்டும்தான்னு நெனச்சேன்."

அவ்வளவு நெருக்கடியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்கப் பார்த்து இருமினார்.

"யார்கிட்டயும் சொல்லிராதம்மா. எம் பேத்தி...?"

"கொட்டகைல எல்லாப் புள்ளைங்களும் வெளிய வந்தாச்சு. ஆபீஸ்ல பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்காங்க. டவுன் பொம்பாவுக்குச் சொல்லியாச்சாண்ணே?"

"அத மொதப் புகையப் பாத்ததுமே சொல்லிட்டேன்." போனைக் காட்டினார். "வந்துக்கிட்டு இருக்காங்க. ஆனா ரெண்டு தரம் போன் பண்ணிட்டாங்க. போன்ல மேப்பு அவங்கள ஆத்துப் பக்கம் இழுத்துட்டுப் போவுது. அங்க பாலம் இல்ல. நம்ம ரோட்டுலயும் ஒரு போர்டு கெடையாது. எங்க பாத்தாலும் செம்பனை, எல்லா ரோடும் ஒரே மாதிரி லா."

சொல்லிக்கொண்டே எழுந்தார். இன்னொரு தடவை இன்ஹேலரை அழுத்தி இழுத்தார். புகை இல்லாத பக்கமாகத் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஏறினார். அத்தனை பெரிய மனிதர் அந்தச் சின்ன மோட்டாரில், வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு பெரிய ரோட்டை நோக்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடியிலிருந்து விழுந்த தொப்பி டின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது.

டவுன் வண்டி வந்து சேர்ந்தபோது முன்னால் அவருடைய மோட்டார்தான் வந்தது. அதற்குள் லொம்போக் ஆட்கள் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி ஒரு நீண்ட வெற்றுப் பட்டை போட்டிருந்தார்கள். ஈரச் சாக்கால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கப் பல்காரர் டிராக்டரை அந்தப் பட்டையோரமாகவே முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் ஆலையிலிருந்து ஆட்களோடு வந்து ஹோஸைப் பிடித்திருந்தார். டவுன்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் புல் செதுக்கியிருந்த பட்டையைக் காட்டி, "இது யாரு செஞ்சது? இது இல்லாட்டி நாங்க வந்தும் புண்ணியமில்ல," என்றார்.

கொட்டகையின் பின்சுவர் கருத்ததோடு சரி. பப்பாளி மரங்கள் போயின. துணைத் தலைவர் வரிசையில் நிற்பதற்காக எல்லையோரமாக நிறுத்தியிருந்த அவருடைய மோட்டாரும் போயிற்று. எங்கள் குழு கடைசிவரை வரிசையைக் கலைக்கவில்லை என்று செயலாளர் தன் அறிக்கையில் எழுதினார். அது உண்மை.

அடுத்த வாரமே குழுவையும் என்னையும் கூப்பிட்டு விசாரணை வைத்தார்கள். நெருப்பு எப்படி வந்தது, தண்ணீர்த் தொட்டி ஏன் உடனே கிளம்பவில்லை என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். மேற்பார்வைக் கமிட்டி கேட்ட முதல் கேள்வி வேறு.

"உறுப்பினர் இல்லாதவங்க நெருப்ப அணைக்க யாரு அனுமதி குடுத்தது?" என்றார் கோயில் தலைவர்.

"டிராக்டர ஓட்டச் சொன்னது நான்தாண்ணே," என்றேன்.

"உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கா?"

"இல்ல."

நிர்வாகிக்கு நிம்மதியானது. அதிகாரம் இல்லை என்று தெளிவாகிவிட்டதால், கட்டத்தில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. தலைமையகத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது, பெர்மிட்டில் இல்லாத வேலையை அந்நியத் தொழிலாளர்கள் செய்திருக்கிறார்கள், நாம் நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று விளக்கினார். ஏற்கெனவே தட்டச்சு செய்த கடிதங்களை என்னிடம் நீட்டினார். அனுமதியின்றித் தீயை அணைத்ததற்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் கடிதம், ஆளுக்கு ஒன்று. ஆள்பல மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் போட மாட்டேன் சார்."

"இது ஃபார்மாலிட்டிதான் அக்கா. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு சார் குடுக்கணும்? அவங்க வாங்கிட்டுப் போய் ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டு கெடப்பாங்க. பெர்மிட்டு போயிருமோன்னு."

தொழிற்சாலையில் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறையப் போயிருக்கின்றன. வாங்கியவர்களின் முகங்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்கள் குழுத் தலைவர் எழுந்தார். வழக்கம்போலப் பேசப் போகிறார் என்று மண்டோர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆனால் அந்தப் பெரிய குரல் அன்றைக்கு வரவில்லை.

"நெருப்பு வந்தப்போ நான் தராசு ரூமுக்குப் பின்னால ஒக்காந்திருந்தேன்," என்றார். "எனக்கு இளைப்பு. அதனாலதான் கிளினிக்குக்கு வராம ஏமாத்திக்கிட்டு இருந்தேன். லெட்டரு குடுக்கணும்னா மொதல்ல எனக்குக் குடுங்க. அப்புறம் களத்துல வரிசையா நின்னவங்களுக்குக் குடுங்க. அந்தப் பசங்களுக்குக் குடுக்க இந்த ரூமுல யாருக்கும் யோக்கிதை இல்ல."

துணைத் தலைவர் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினார். பிறகு, என்னிடம் சொல்லாமல் நேராக அவரிடமே, "இளைப்புக்கு எங்க மருந்து வாங்கறீங்க?" என்று கேட்டார். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

விஷயம் அதோடு முடிந்திருக்காது. நிர்வாகி, "உணர்ச்சிவசப்படாம பாக்கணும்," என்று ஆரம்பித்தார். கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த ஆயாம்மா தட்டை மேசையில் வைத்தார், கொஞ்சம் பலமாகவே.

"சார், எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. மத்த புள்ளைங்கள அந்தப் பசங்கதான் தூக்கிட்டு ஓடுனாங்க. அவங்களுக்கு லெட்டரு போச்சுன்னா நாளைலேருந்து கொட்டகைய கமிட்டியே பாத்துக்கட்டும். காலைல ஏழு புள்ளைங்க துணியிலயே போவும். தொப்பி போட்டுக்கிட்டே கழுவலாம்."

கோயில் தலைவருடைய பேரனும் அந்த ஏழில் ஒருவன். கடிதங்கள் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டன. இன்றுவரை ஒத்திவைப்பிலேயே இருக்கின்றன.

தலைவருடைய ராஜினாமாவைக் கமிட்டி வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டது. அவருடைய அனுபவம் வீணாகக் கூடாது என்று அவரை மேற்பார்வைக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவர் கூட்டங்களுக்கு அதிகம் போவதில்லை. பழைய எண்ணெய்ப் பீப்பாய் மூடிகளை வெட்டி, வெள்ளையடித்து, தோட்டத்து எல்லாச் சந்திகளிலும் எண் எழுதி நட்டார். வாசனையில் இளைப்பு வந்துவிடும் என்பதால் பெயிண்டு அடித்தது துணைத் தலைவர். எந்த எண் எங்கே என்பதில் இருவருக்கும் சண்டை, ஆனால் நேருக்கு நேர்.

லீவு முடிந்து வந்த டிராக்டர் ஓட்டுநரைத் தலைவராக்கினார்கள். அவர் கேட்ட கதையை முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, "இனிமே யாரு யாரப் பாத்து மார்க்கு போடறது அக்கா?" என்று கேட்டார். "நீங்க அவங்களப் பாத்துப் போடுங்க," என்றேன். அந்த மாதமே ஏணிப் பிரிவுத் தலைவர் உட்பட மூன்று பேர் உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டார்கள்.

லொம்போக் ஆட்களைக் குழுவில் சேர்க்க வழியில்லை என்று தலைமையகம் கடைசிவரை சொன்னது. ஆகவே நிர்வாகி, அவருக்கே உரிய முறையில், தனியாக ஒரு கட்டம் போட்டார். எல்லையோர லாலாங் துப்புரவுப் பிரிவு. புல் வெட்டுவது தோட்ட வேலைதான், பெர்மிட்டில் இடிக்காது. அதற்காக அவர்களுக்கு நீளச் சப்பாத்தும் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் அவர்கள் பம்பை இயக்கி, ஹோஸைப் பிடித்து, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெட்டப்போகிற புல்லுக்கு ஏன் தண்ணீர் என்று தலைமையகம் இதுவரை கேட்கவில்லை. நிர்வாகியை நான் சாதாரணமாக நினைத்துவிட்டேன் என்று அப்போது தோன்றியது.

தங்கப் பல்காரர் ஒப்பந்தம் முடிந்து போன வருடம் ஊருக்குக் கிளம்பினார். வேறு எங்காவது வேலை தேடினால் உதவும், ஒரு நற்சான்று கொடுங்கள் காக் என்று கேட்டு வந்தார். ஆபீஸ் குறிப்பில் அவர் குலை வெட்டுகிறவர், அவ்வளவுதான். நான் மலாயில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: புல்லில் நெருப்பு வந்தது, குழந்தைகளைத் தூக்கி ஓடினார், டிராக்டர் ஓட்டினார், யாரும் சொல்வதற்கு முன்னால் செய்தார், ஒரே ஒரு தடவை அனுமதி கேட்டார்.

அவர் நின்றுகொண்டே மெதுவாக வாசித்தார். உதடு அசைந்தது.

"நல்லா இருக்கு காக்," என்றார். "ஆனா எங்க ஊர்ல லாலாங் கெடையாது. கடல்தான்."

"பரவாயில்ல. வெச்சிக்குங்க."

மடித்து, கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் எங்கள் புதிய தலைவர், அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு, அவரை விமான நிலையத்தில் விட்டு வரக் காத்திருந்தார். அந்த லீவுக்கு நான் யாரையும் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.